சத்தம் வரவில்லை என்று நான் சொன்ன பெட்டி

"அக்கா, வூட்டுக்கு ஹோம் தியேட்டரு வந்திருக்குது. நீ ஞாயித்துக்கெழம வந்து தட்டிப் பாத்துட்டு சொல்லு" என்று என் தங்கச்சி போன் பண்ணினாள். நான் முதலில் கேட்டது, "இப்ப அதுக்கு என்னடி அவசரம்?" நல்லா இருங்க, சந்தோஷம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. அதற்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

தட்டிப் பார்க்கச் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டது விளையாட்டுக்கு இல்லை. அதுதான் என் வேலை. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் சரக்குப் பிரிக்கிறேன். கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான், ஃபியூஸ் கட்டை, எப்போதாவது டீ கப். சூளையிலிருந்து வந்து ஆறியதும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து நடுவிரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவேன். கணீரென்றால் நல்ல சரக்கு. தொப்பென்றால் உள்ளே விரிசல். அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். நான் ஒதுக்கியதை முதலாளிகூடத் திருப்பி எடுத்து வைத்ததில்லை. என் தங்கச்சியும் கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டியவள்தான். ஆனால் சந்தேகம் என்று வந்தால் என்னிடம்தான் நீட்டுவாள்.

இந்தப் பழக்கம் எங்களை வீட்டிலும் விடாது. தேங்காயை எல்லாரும் தட்டுவார்கள். நாங்கள் கதவைத் தட்டுவோம், பீரோவைத் தட்டுவோம், பைக் டேங்கைத் தட்டுவோம். குக்கர் வாங்கப் போனால், "போதும்மா, நெளிஞ்சிடப் போவுது" என்று கடைக்காரர் கெஞ்சுகிற வரைக்கும் தட்டுவோம். தங்கச்சியைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், "மாப்ள வூட்டுக்காரங்க தலையில தட்டிப் பாத்தாங்களாடி?" என்று பெஞ்சே சிரித்தது. சொந்தத்தில் யார் எதை வாங்கினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் "சரி, வெச்சுக்குங்க" என்று சொல்லும் வரை பொருள் வந்த அட்டைப்பெட்டியை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். மறைப்பானேன்.

என் வீட்டிலும் பாட்டு உண்டு. கம்பெனியில் கழித்துப் போட்ட ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்து வந்து வைத்திருக்கிறேன். வாய் கொஞ்சம் கோணல். சமைக்கும்போது போனை அதற்குள் வைத்துவிட்டால் பாட்டு நன்றாகப் பெருத்துக் கேட்கும். குழம்பு கொதிக்கிற சத்தமும் கூடச் சேர்ந்து கேட்கும். "அத செத்த நிறுத்தேன், நியூஸு ஓடுதுல்ல" என்பார் என் வீட்டுக்காரர். நிறுத்திவிடுவேன். அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே பாட்டுப் பைத்தியம். அதில் பெரிய பைத்தியம் நான்தான். இன்றைக்கும் அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்படிப்பட்ட எனக்கு ஜாடி, அவளுக்கு ஹோம் தியேட்டர். எரியாமல் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்மாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். தங்கச்சி வீட்டுக்காரர் சுரங்கத்துப் பக்கம் லாரி ஓட்டுகிறார். லாரி ஓட்டுகிற மனுஷன் நாலு வார்த்தை கத்திப் பேசுவார், வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி வீசுவார் என்றுதானே நினைப்போம்? இவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். குறை சொல்ல ஒரு பிடிகூடக் கொடுக்காத மனுஷன். அதுவே எனக்குப் பல நாள் எரிச்சல்.

"வாங்கக்கா, உங்களத்தான் பாத்துக்கிட்டே இருக்கோம்" என்றார். கூடத்தில் டிவிக்குக் கீழே பலகை அடித்து, அதன் மேல் அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்திருந்தார்கள். ரிசீவர் என்று பெயராம். டிவி, போன், எதில் பாட்டுப் போட்டாலும் இதற்குள் வந்துதான் சுற்றிலும் இருக்கிற ஸ்பீக்கருக்குப் போகும் என்றார். நான் கைப்பையைக் கீழே வைத்தேன். காப்பி வேண்டாம் என்றேன். பொருளை முதலில் பார்த்துவிடலாம் என்றேன். வரும்போதே பஸ்ஸில் தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் வந்தேன். இதில் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் நான் திரும்பப் போவதில்லை.

தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்தது. "அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மரு இருக்குதுக்கா" என்றார். இழுத்தாலும் உள்ளே எதுவும் ஆடவில்லை. கீழே வைத்து நாலு மூலையிலும் மாறி மாறி அழுத்தினேன். கம்பெனியில் ஃபியூஸ் கட்டையைக் கண்ணாடி மேல் வைத்து இப்படித்தான் பார்ப்போம். நாலு காலும் ஒன்றுபோல் பதிந்து நின்றன. முகப்பில் விரலை ஓட்டினேன். எங்கேயும் பிசிறில்லை. சத்தம் கூட்டுகிற திருகைச் சுற்றினேன். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்வது கிடையாது, ஒரே சீராகச் சுற்றியது. பிடித்து ஆட்டினேன். ஆடினால்தானே!

பெட்டியைத் திருப்பச் சொன்னேன். ஸ்பீக்கர் ஒயர் மாட்டுகிற இடத்தில் பிளாஸ்டிக் கிளிப்பை வைத்து ஒப்பேற்றவில்லை. ஒவ்வொன்றும் திருகி இறுக்குகிற மாதிரி நல்ல உலோகம். மூடியின் திருகாணிகள் ஒன்றுகூடக் கோணலாக இறங்கவில்லை, பெயின்ட் பெயரவில்லை. காற்றுப் போகிற ஓட்டைகள் வழியாகப் போன் லைட்டை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒயர்களை எல்லாம் ஜடை பின்னின மாதிரி ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்ததுமே அது எந்தத் தரம் என்று என் கைக்குத் தெரிந்துவிடும். இது முதல் தரம். முதல் தரம் என்று தெரியத் தெரிய எனக்கு முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"தட்டறதுக்கு முன்னாடி இத ஒண்ணு பாத்துடுங்கக்கா" என்று தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு சின்ன மைக்கை எடுத்தார். நீள ஒயர், எலுமிச்சம்பழத்தைவிடச் சின்ன மண்டை. "நாம எங்க ஒக்காந்து கேக்கறமோ அங்க இத வெக்கணும். பொட்டி அதுவா சத்தத்த அளந்து, அந்த எடத்துக்கு எது எவ்ளோ வேணுமோ அப்பிடி அனுப்பும்." சொல்லிவிட்டுத் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார். "நீ எங்க ஒக்காருவ?"

அவள், "நான் எங்க சோபாவுல ஒக்காரப் போறேன்? செவுத்தோரமா, இங்க கீழதான். கீர ஆய்றதுக்குக் காத்து நல்லா வரும்" என்றாள். "அப்ப அங்க ஒக்காரு" என்றார். அவள் சிரித்துக்கொண்டே போய்ச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். தரையிலிருந்து அவள் காது வரைக்கும் கையால் முழம் போட்டு அளந்தார். ஸ்டூலைக் கொண்டுவந்து பார்த்தார், உயரம் சரிப்படவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு குடத்தை எடுத்துவந்து கவிழ்த்து, அதன் மேல் ஒரு டப்பாவை வைத்து, அவள் காது இருந்த உயரத்துக்கே மைக்கை உட்கார வைத்தார். அவளை நகரச் சொல்லிவிட்டு, நாங்கள் மூச்சுவிடாமல் நிற்க, ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக உஸ்ஸென்று இரைந்து ஓய்ந்தன.

நீ எங்கே உட்காருவாய். எனக்குக் கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். ஒருத்தர் என்னிடம் அதைக் கேட்டதில்லை. என் வீட்டில் நான் உட்காருகிற இடம் என்று ஒன்று உண்டா என்று அங்கேயே நின்று யோசித்துப் பார்த்தேன். அடுப்படியில் நிற்கிற இடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பெட்டி கிடக்கட்டும், பாட்டு கிடக்கட்டும். அந்தக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாட்டுப் போட்டார். தங்கச்சி தன் இடத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு நேராக அவளிடம் போனது. நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்கும் கேட்டது, நன்றாகவே கேட்டது. ஆனால் அது எனக்கு வந்த பாட்டில்லை.

"இப்ப தட்டிப் பாருங்கக்கா. நீங்க சரின்னுட்டா அட்டப்பொட்டியக் கழிச்சிடலாம்" என்று பாட்டை நிறுத்தினார்.

மூடியின் நடுவில் தட்டினேன். தொப்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரும்புக்கும் பீங்கானுக்கும் நியாயம் வேறு. என் வீட்டு பீரோ மெல்லிசுத் தகடு, தட்டினால் தெருமுனைக்குக் கேட்கும். கம்பெனி ஆபீஸில் இருக்கிற பெரிய இரும்புப் பெட்டி தொப்பென்று அடங்கிவிடும். தகடு அவ்வளவு கனம். பாட்டுப் பெட்டிக்கு மூடி அதிராமல் இருப்பதுதான் அழகு. அதிர்ந்தால் பாட்டோடு சேர்ந்து அதுவும் பாடித் தொலைக்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இன்றைக்குச் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

தலையைச் சாய்த்து இன்னொரு தட்டுத் தட்டினேன். உதட்டைப் பிதுக்கினேன். "சத்தம் வரலியே" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சத்தம் வராதது உண்மைதானே? ஆனால் எங்கள் குடும்பத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். தங்கச்சி வீட்டுக்காரரின் முகம் தொங்கிவிட்டது. பத்து வருஷம் எங்களோடு பழகி அவருக்கும் எங்கள் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. "பாட்டு நல்லாதானேக்கா கேட்டுச்சி?" என்றார் பாவம்.

"இன்னிக்கிக் கேக்கும் தம்பி. விரிசல் வுட்ட கப்புலயும் மொத நாளு டீ நிக்கத்தான் செய்யும்" என்றேன். எங்கிருந்துதான் வருமோ எனக்குப் பேச்சு.

தங்கச்சி எழுந்து வந்தாள். அவளும் மூடியில் ஒரு தட்டுத் தட்டினாள். கையை அங்கேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். "அக்கா சொன்னா சரியாதான் இருக்கும். மாத்திடுங்க" என்றாள்.

மறுநாளே பெட்டியை விருத்தாசலத்துக்குக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்திருக்கிறார். "தட்டிப் பாத்து வாங்க இது என்னா பானையா?" என்று கடைக்காரர் சண்டை பிடித்தாராம். அப்புறம், தெரிந்த முகம் என்பதால் வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றை மாற்றிக் கொடுத்தாராம். சாயங்காலம் தங்கச்சி போன் பண்ணினாள். "மாத்தியாச்சிக்கா. இது கணீர்னு இருக்குது" என்றாள். "பாத்தியா, நான்தான் சொன்னேனே" என்றேன். அன்றைக்கு ஜாடியில் போனைப் போட்டு இரண்டு பாட்டு கூடுதலாகக் கேட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம் போனேன். புதுப் பெட்டியை ஒரு கையாலேயே தூக்க முடிந்தது. திருகு பல் ஆடுகிற மாதிரி ஆடியது. பாட்டில் மேளம் வருகிற இடத்தில் எல்லாம் மூடி ஙொய்யென்று கூடப் பாடியது. அதை அடக்குவதற்கு ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் எங்கள் கம்பெனியில் கழித்த கம்பத்துப் பீங்கான் ஒன்றை வைத்திருந்தார் தங்கச்சி வீட்டுக்காரர். நான்தான் எப்போதோ கதவுக்கு அண்டக் கொடுக்க எடுத்துவந்து தந்தது.

"அந்த மைக்கு?" என்று கேட்டேன்.

"இதுல அதெல்லாம் இல்லக்கா. பரவால்ல, இதுவும் நல்லாதான் இருக்குது" என்றார். தங்கச்சி அதே சுவரோரத்தில் அதே மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பாட்டு எங்கேயோ போனது. மூடி அதிரும்போதெல்லாம் அவர் எழுந்து போய்ப் பீங்கானைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தார். முதல் பாட்டுக்கு எனக்கு உள்ளே இனித்தது. இரண்டாவது பாட்டுக்கு அவர் எழுந்தபோது உட்கார முடியவில்லை. தலைவலி என்று சொல்லி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பெஞ்சில் ஒரு ஃபியூஸ் கட்டை தொப்பென்றது. ஒதுக்கிப் போட்டேன். பக்கத்தில் அடுக்குகிற பெண் ஏன் என்று கேட்கவில்லை, எடுத்து உடைசல் தொட்டியில் வீசினாள். யாருமே கேட்பதில்லை. நான் சொன்னால் உடைத்துவிடுவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேராக அந்தக் கடைக்குப் போனேன். முன்னால் எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுத்த பெட்டி வேண்டும் என்றேன். இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்கிறோம் என்றேன்.

"அதுவா? அது அன்னிக்கே போயிடுச்சிம்மா. பெண்ணாடத்துலேர்ந்து ஒரு ஆளு வந்தாரு. மூடியத் தட்டிப் பாத்தாரு. 'அட, அதிரவே இல்லியே, நல்ல பொட்டி'ன்னு கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு" என்றார் கடைக்காரர். "நீங்கதான் பேட்டையில காது வெச்சிப் பாக்கற அம்மாவா?" என்றும் கேட்டார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மட்டும் வீட்டில் இருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். "அந்தப் பொட்டி நல்ல பொட்டிடி. வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்."

"தெரியும்க்கா" என்றாள். கீரை உருவுகிற கை நிற்கவில்லை.

"என்னாடி தெரியும்?"

"நானும் எட்டு வருஷம் தட்டனவதானே? இரும்பு எப்பிடிப் பேசும், மண்ணு எப்பிடிப் பேசும்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தப்புச் செய்தவள் நான், கோபமும் எனக்கே. "தெரிஞ்சிக்கிட்டேவா மாத்த வுட்ட? லூஸாடி நீ?" என்று கத்தினேன்.

"நீ மூஞ்சச் சுருக்கிக்கிட்டுப் போன பொருள வூட்டுல வெச்சிக்கிட்டு நான் எப்பிடிப் பாட்டு கேக்கறது? ஒவ்வொரு பாட்டுக்கும் உன் மூஞ்சிதானே வரும்" என்றாள். அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டே, "அவருகிட்ட ஒண்ணும் சொல்லிடாத. அக்கா காது தப்பாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு. அது அப்பிடியே இருக்கட்டும்" என்றாள்.

கேட்டதும் நான் அழுதேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் அழவில்லை. எனக்கு மறுபடியும் பொறாமைதான் வந்தது. வீடு, புருஷன், பெட்டி எல்லாம் போதாதென்று மனசும் இவளுக்கே நல்லதாக அமைந்துவிட்டதே என்று எரிந்தது. அவள் சுவரோரமாக நகர்ந்து தன் இடத்தைக் கையால் துடைத்தாள். "எங்க ஒக்காரப் போற? இங்க வா. இங்கதான் கொஞ்சம் நல்லாக் கேக்குது" என்றாள். உட்கார்ந்தேன். சுவர் அவள் முதுகுச் சூட்டோடு இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நான் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்கக்கா. அடுத்து ஒரு பிரிட்ஜு எடுக்கலாம்னு இருக்கோம். நீங்க ஒரு நாளு கடைக்கே வந்து தட்டிப் பாத்துச் சொல்லிட்டா நல்லா இருக்கும்" என்றார்.

தங்கச்சி தலை நிமிரவில்லை. முறத்தில் இருந்த கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எதுக்குத் தம்பி கூப்புடுறீங்க? இவள தட்டச் சொல்லுங்க. எனக்கு மேல நல்ல காது இவளுக்கு" என்றேன்.

இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லும்போதுகூட வயிறு எரிந்தது.